படர்க்கையின் நோ

யப்பானிய மொழியில் "அப்பாவுக்கு நோகுது" என்று சொல்ல முடியாது. சொற்கள் இல்லை என்பதால் அல்ல. அப்பாவுக்குச் சொல் உண்டு, நோவுக்குச் சொல் உண்டு, இரண்டையும் ஒட்டவைக்கும் இடைச்சொற்களும் உண்டு. ஒட்டவைத்துச் சொன்னால் கேட்பவருக்கு விளங்கவும் செய்யும். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் வந்து போகும். அந்தத் தயக்கம் எதனால் என்று விளங்க எனக்குப் பதினொரு வருடங்கள் எடுத்தன. விளங்கிய இடம் வகுப்பறை அல்ல. சைத்தாமாவில் ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோதுதான் அது விளங்கியது.

அந்தக் கதைக்குப் போகுமுன் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தமிழர் ஒருவருக்கு யப்பானிய வாக்கியம் முதல் மாதத்திலேயே பிடிபட்டுவிடும். எழுத்து வேறு விஷயம். கஞ்சி எழுத்துகளோடு நான் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வாக்கியம் அப்படியல்ல. "சிச்சி கா பியோயின் நி இக்கிமாஷ்தா" என்றால் அப்பா வைத்தியசாலைக்குப் போனார். 'கா' எழுவாயைக் காட்டுகிறது. 'நி' நம்முடைய 'கு'. 'ஓ' நம்முடைய 'ஐ'. 'தொ' நம்முடைய 'ஓடு'. 'கரா' நம்முடைய 'இருந்து'. எல்லாம் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், வினை கடைசியில் வந்து அமரும். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த அவுஸ்திரேலியர், ஆள் என்ன செய்தான் என்று அறிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்கவேண்டுமா என்று தலையில் கைவைத்தார். எனக்கோ ஊருக்கு வந்து சேர்ந்தது போலிருந்தது. (அப்பாவை 'சிச்சி' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. சொந்த அப்பாவை வெளியாரிடம் அடக்கமாகக் குறிப்பிடும் சொல் அது. பிறருடைய அப்பா 'ஒத்தோசான்'. நம் காதுக்குச் 'சிச்சி' என்பது வேறென்னவோதான்.)

வினைகளுக்கு வந்தால் வியப்பு இன்னும் கூடும். யப்பானியத்தின் 'தே' வடிவம் கிட்டத்தட்ட நமது வினையெச்சம். 'தபேத்தே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பதற்குத் தனியே நின்றாலும் பார் என்றுதான் பொருள். 'கைத்தே ஒக்கு' என்றால் எழுதி வை. 'ஒக்கு' என்றால் வை. 'மத்தே இரு' என்றால் காத்து இரு. அந்த 'இரு' ஒலியிலும் நம்முடைய 'இரு'தான். உயிருள்ளவை இருப்பதைச் சொல்ல அவர்கள் பயன்படுத்தும் வினை அது.

இந்த இடத்தில் வாசகர்களில் பலர் சுசுமு ஓனோவை நினைப்பார்கள். 1919 முதல் 2008 வரை வாழ்ந்த அந்த யப்பானிய மொழியறிஞர், யப்பானியத்துக்கும் தமிழுக்கும் பிறப்புறவு உண்டென்று வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளரில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் துருக்கியிலும் கொரியனிலும் உண்டு. உறவில்லாத மொழிகளும் ஒரே மாதிரி வீடு கட்டலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் ஓனோவின் நூலை முதன்முதலில் கையில் எடுத்தபோது ஏற்பட்ட புல்லரிப்பை நான் மறுக்கவும் மாட்டேன்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தால் மனிதன் கவனத்தை விட்டுவிடுவான். நானும் விட்டேன். தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி, உருபுக்கு உருபு வைத்து, வருடக்கணக்காகச் சமாளித்தேன். தமிழ் கைவிட்ட இடம் நோ.

என் தலை நொந்தால் "வாத்தாஷி வா அத்தமா கா இத்தாய்" என்பேன். 'வா' என்பது 'என்னைப் பொறுத்தவரை' என்று பேச்சுப்பொருளை முன்னால் வைக்கும் இடைச்சொல். 'அத்தமா' தலை. 'இத்தாய்' நோவைச் சொல்லும் உரிச்சொல். "எனக்குத் தலை நோகுது" என்பதன் நேர் சகோதரன். இரண்டு மொழியிலும் தலைதான் எழுவாய். நோவை நான் செய்யவில்லை. நோ என்னிடம் வருகிறது, நான் அது வந்து தங்கும் இடம்.

இப்போது நானை எடுத்துவிட்டு அப்பாவை வையுங்கள். தமிழில் ஒன்றும் ஆகாது. எனக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, யாருக்கு என்றாலும் 'நோகுது' அப்படியே நிற்கும். யப்பானியத்தில் வாக்கியம் அடியோடு மாறுகிறது. 'இத்தாய்' போய் 'இத்தகரு' வரவேண்டும். அந்தக் 'கரு'வின் முதலெழுத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல ஒலிக்கவேண்டும். 'இத்தாய்' உரிச்சொல், 'இத்தகரு' வினை. நோவதாகக் காட்டுகிறார், நோவுக்குரிய சாடையில் நடந்துகொள்கிறார் என்று ஏறத்தாழப் பொருள். கூடவே இடைச்சொல்லும் மாறும். "அத்தமா கா இத்தாய்" என்பது "அத்தமா ஓ இத்தகரு" ஆகும். எழுவாயாக இருந்த தலை செயப்படுபொருளாகிவிடும். என் உடம்பில் நோ ஒரு நிலை. மற்றவர் உடம்பில் அது நான் வெளியில் நின்று பார்க்கும் ஒரு செயல்.

நோவுக்கு மட்டுமல்ல. தண்ணீர் வேண்டும் என்பது எனக்கு 'ஹொஷீ', பிள்ளைக்கு 'ஹொஷிகரு'. குளிர் எனக்குச் 'சமுய்', மனைவிக்குச் 'சமுகரு'. போக விருப்பம் என்பது எனக்கு 'இக்கித்தாய்', தம்பிக்கு 'இக்கித்தகரு'. தனிமை எனக்குச் 'சபிஷீ', அடுத்த வீட்டுக் கிழவிக்குச் 'சபிஷிகரு'. வெளியில் நின்று காணமுடியாத எதையும் இன்னொருவர்மேல் நேரடியாக ஏற்றிச் சொல்ல இலக்கணம் விடாது. வேறு வழிகள் தரும். 'இத்தசோ' என்றால் பார்த்தால் நோகிறது போலிருக்கிறது. நடுவில் ஒரு ஒலி கூடி 'இத்தாய்சோ' ஆனால் நோகிறதாம், கேள்விப்பட்டேன். 'இத்தாய் தொ இத்தே இரு' என்றால் நோகிறது என்று சொல்கிறார். எந்த வழியில் போனாலும் உனக்கு இது எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் பதில் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கவேண்டும்.

நமது பழைய சொற்களில் வைத்தால், உள்ளத்து உணர்வைத் தன்மையில் சொல்லலாம், முன்னிலையில் கேட்கலாம், படர்க்கையில் கண்டதையோ கேட்டதையோதான் சொல்லலாம். எங்கள் ஆசிரியை அறுபது வயதைத் தாண்டியவர். இதைக் கற்பித்த நாளில் என் வாக்கியத்தைத் திருத்திவிட்டு, "அவருக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் பரீட்சைக்கான விதியாகக் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருப்பதை அப்போது நினைத்திருக்கலாம். அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும் அந்த இயல், உள்ளே நடப்பது மெய்யிலே புலப்பட்டுத்தான் பிறருக்குத் தெரியவருகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. நம்மவர்களும் இந்த வாசலில் நின்றிருக்கிறார்கள். ஆனால் அதை நாங்கள் கவிதைக்கான சாத்திரமாக வைத்துக்கொண்டோம், அன்றாட வினைக்குள் கொண்டுவரவில்லை. நான் அப்போது நினைக்கவில்லை என்பதே உண்மை.

அம்மா போன அடுத்த சித்திரையில் அப்பா என்னிடம் வந்தார், மூன்று மாத விசாவில். பூ பார்த்தார், ரயில் பார்த்தார். மூன்றாவது கிழமை ஒரு காலையில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்டுமில்லைத் தம்பி" என்றார். வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வைத்தியர் இளைஞர். எப்போதிருந்து என்று கேட்டார். நேற்றிரவிலிருந்து என்றேன். எங்கே என்றார். வயிறு என்றேன். எப்படி நோகிறது என்றார். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: நோவை வகைப்படுத்த யப்பானியரிடம் இரட்டைக்கிளவிகளின் ஒரு சிறு களஞ்சியமே இருக்கிறது. விண்விண் என்று தெறித்தால் 'சுக்கிசுக்கி'. ஊசியால் குத்தினால் 'சிக்குசிக்கு'. வயிற்றுக்குள் மெல்ல விடாமல் அரித்துக்கொண்டிருந்தால் 'ஷிக்குஷிக்கு'. முறுக்கிப் பிழிந்தால் 'கிரிகிரி'. வைத்தியர் கேள்வித்தாளில் அவற்றையே எழுதிவைத்திருந்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். குனிந்த குனிவை நினைத்தேன். 'கிரிகிரி' என்றேன். "சிச்சி வா ஒனக்கா கா இத்தாய் தெஸ்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பாவுக்கு வயிறு நோகிறது. தமிழ் வாக்கியம், யப்பானிய உடுப்பில்.

அவர் முகத்தில் அந்தத் தயக்கம் வந்தது. பேனையை மேசையில் வைத்தார். "கொஹொன்னின் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

'ஹொன்னின்' என்ற சொல்லை யப்பானில் வாழும் எவரும் கடக்காமல் இருக்கமுடியாது. வங்கியில், தபால் கந்தோரில், நகரசபையில் எல்லாம் வரும். உரிய ஆள், அந்த ஆள் தானே, வேறொருவர் அல்ல என்று பொருள். மனைவியின் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை வாங்கப் போய், ஹொன்னின் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வைத்தியர் முன்னால் மரியாதைச் சொல் சேர்ந்து அது வந்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் உரிய ஆள் எனக்குப் பக்கத்தில் ஓரடி தூரத்தில் இருந்தார். நான் அவரை இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி, "அப்பா, எங்கை நோகுது? எப்பிடி நோகுது?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது தோள்மூட்டுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்.

"இஞ்சை இருந்துதான் தொடங்கும் தம்பி. பிறகு முன்னுக்கு வரும். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் கூட."

"எப்ப இருந்து?"

"போன ஆவணியிலை இருந்து."

எட்டு மாதங்கள். அம்மா படுக்கையில் இருந்த காலம் அது. நான் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். அக்காவிடம் "அப்பா சுகமாய் இருக்கிறார்" என்று சொல்லியுமிருக்கிறேன், 'ஆம்' கூடப் போடாமல்.

வைத்தியரிடம் அப்பா சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "என்று சொல்கிறார்" என்று வைத்து. அவர் விலா எலும்பின் கீழ் வலப்பக்கம் அழுத்திப் பார்த்து, மூச்சை இழுக்கச் சொல்லி, ஸ்கான் எடுக்க அனுப்பினார். பித்தப்பையில் கற்கள். பின்னர் ஊரில் வெட்டி எடுத்தார்கள். இப்போது அப்பா நன்றாக இருக்கிறார். அதாவது நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். நான் 'வயிறு, நேற்றிலிருந்து' என்று சொன்னதோடு விட்டிருந்தால் மருந்துக் குளிசையோடு வீட்டுக்கு வந்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

இந்த இதழை வாசிப்பவர்களில், குறிப்பாக இங்கே பிறந்தோ சிறுவயதில் வந்தோ வளர்ந்தவர்களில், இந்தக் கதிரையில் இருக்காதவர்கள் குறைவு. அம்மாவின் நோவை டொக்டருக்குச் சொன்னது நீங்கள். அப்பாவின் கோபத்தை வீட்டு உரிமையாளருக்குச் சொன்னதும் நீங்கள். ஜேர்மனியில் வளர்ந்த என் பெறாமகள் ஒருத்தி, பத்து வயதில் தாயோடு வைத்தியரிடம் போன கதையை அண்மையில் சொன்னாள். தாய், "நெஞ்சுக்குள்ளை என்னவோ அடைச்சுக்கொண்டு நிக்குது" என்றிருக்கிறார். இவள் நெஞ்சு நோகிறது என்று ஜேர்மனில் சொல்லியிருக்கிறாள். உடனே படுக்கவைத்து, வயர்கள் ஒட்டி, இதயத்தைச் சோதித்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. தாயின் தம்பி ஊரில் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'நெஞ்சு' தமிழில் எத்தனை வேலை செய்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "நான் அம்மாவைப் பற்றிப் பொய் சொல்லிப்போட்டன் எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன், சித்தப்பா" என்றாள். அவளிடம் பிழையில்லை. ஆனால் அவள் சொன்னதில் நான் கேட்டது பிழையைப் பற்றிய கவலையை அல்ல. இன்னொருவருடைய உள்ளே நடப்பதற்குத் தான் வாயாக இருந்ததன் பாரத்தை.

ஏன் 'இத்தாய்' தன்மைக்கு மட்டும்? விற்கன்ஸ்ரைன் இறந்தபின் 1953இல் வெளிவந்த 'தத்துவ விசாரணைகள்' நூலில் இதற்கு அருகான ஒரு யோசனை இருக்கிறது. குழந்தை விழுந்து அழுகிறது. பெரியவர்கள் அதற்கு வார்த்தை கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த வார்த்தை அழுகையின் இடத்தில் வந்து நிற்கிறது. அப்படியென்றால் 'நோகுது' என்பது என்னைப் பற்றி நான் தரும் தகவல் அல்ல, படித்து வளர்ந்த ஓர் அழுகை. யப்பானியர் கால்விரலைக் கதவில் இடித்தால் கத்துவதும் 'இத்தாய்!' என்றுதான். நாங்கள் 'ஆ!' என்போம், 'ஐயோ!' என்போம், பெரும்பாலும் 'அம்மா!' என்போம். இன்னொருவருக்காக நான் 'ஆ!' என்று கத்த முடியாது. கத்தினால் அது என் கத்தல். 'இத்தாய்' என்ற சொல் இன்னும் அந்தக் கத்தலுக்குப் பக்கத்திலேயே நிற்பதால்தான் அதைத் தூக்கி அப்பாவின்மேல் வைக்கமுடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் எழுதும்போது, யப்பானியர் ஏதோ பண்பில் உயர்ந்தவர்கள், அவர்களின் இலக்கணமே அறம் சொல்கிறது என்று தொனித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இல்லை. இந்த மொழியைப் பேசுபவர்களும் வீட்டில் மற்றவர்களுக்காக முடிவெடுக்கிறார்கள், அலுவலகத்தில் மற்றவரின் விருப்பத்தை ஊகித்துத் தாங்களே நிறைவேற்றிவிட்டு நன்றி எதிர்பார்க்கிறார்கள். இலக்கணம் வாயைக் கட்டும், மனதைக் கட்டாது. 'கரு' விகுதியிலேயே ஒரு முள் இருக்கிறது. 'சமுகரி' என்றால் சும்மா சும்மா குளிருது என்பவர். 'கொவகரி' என்றால் பயந்தாங்கொள்ளி. காட்டுகிறார் என்று சொல்லும்போதே வேண்டுமென்று காட்டுகிறாரோ என்ற சந்தேகம் உள்ளே நுழைந்துவிடுகிறது. மேலதிகாரியைப் பற்றி அந்த விகுதியில் பேசுவது மரியாதை ஆகாது. நமது 'ஆம்' மட்டும் என்ன? "அவருக்கு நோகுதாம்" என்பதைக் குரலைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் நக்கல் ஆகிவிடும்.

அதே விகுதியில் 'சுயொகரு' என்று ஒரு சொல் இருக்கிறது. சுயொய் என்றால் பலம். உள்ளே பலமில்லாமல் வெளியில் பலசாலியாகக் காட்டிக்கொள்வது சுயொகரு. எட்டு மாதம் அப்பா செய்தது அதைத்தான்.

கேள்வியின் கடினமான பக்கம் இனித்தான் வருகிறது. ஹொன்னின் பேச முடியாதவராக இருந்தால்? அல்லது பேசியும் நம்பப்படாதவராக இருந்தால்?

கியூஷுத் தீவின் மினமாத்தாவில், சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலையின் கழிவிலிருந்த பாதரசம் கடலுக்குப் போய், மீனுக்குள் போய், மீன் தின்ற மனிதருக்குள் போனது. 1956 மே மாதத்தில் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்தத் தொழிற்சாலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அதற்குப் பிறகும் யார் நோயாளி என்பதை விண்ணப்பம் பார்த்து, சோதனை செய்து, அறிகுறிகளை எண்ணித்தான் தீர்மானித்தார்கள். 1977இல் வகுத்த அளவுகோல் பல அறிகுறிகள் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. கை கால் மரத்துப்போனது மட்டும் என்றால் போதாது. ஒருவரின் கை மரத்திருப்பதை வெளியில் நின்று எப்படிக் காண்பது? பலர் தள்ளப்பட்டார்கள், பணத்துக்காக நடிக்கும் போலி நோயாளிகள் என்ற ஏச்சும் கேட்டார்கள். உணர்விழப்பு மட்டுமே இருந்த ஒருவரையும் நோயாளியாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல்.

ஆசிரியை கேட்ட கேள்வியைத்தான் அந்தக் குழுக்களும் கேட்டன: அவருக்குள்ளே போய்ப் பார்த்தீர்களா? அதே வினா, அங்கே ஒரு கதவை அடைப்பதற்கு. அடுத்தவரின் நோவை நான் அறியேன் என்ற அடக்கம், அதிகாரம் உள்ளவரின் வாயில் வரும்போது அடக்கமாக இருப்பதில்லை. 'பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும்' என்ற தொடரைச் செய்திகளில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம் என்று ஈழத்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மினமாத்தாவைப் பற்றி இஷிமுரே மிச்சிகோ 1969இல் வெளியிட்ட 'குகாய் ஜோதொ'வில் மீனவர்களும் நோயாளிகளும் தன்மையில் பேசுகிறார்கள், தங்கள் ஊர்ப் பேச்சில், தங்கள் கடலைப் பற்றி, தங்கள் நடுங்கும் கையைப் பற்றி. ஒலிப்பதிவு செய்து எழுதியது என்றே வாசித்தவர்கள் பலர் எண்ணினார்கள். அப்படி அல்ல. அவருடைய எழுத்தை வெளியிட்ட வத்தனபே கியோஜி இதை அவரிடமே கேட்டிருக்கிறார். அந்த மனிதர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வதை எழுத்தாக்கினால் இப்படித்தான் வரும் என்ற கருத்தில் இஷிமுரே பதில் சொன்னதாக வத்தனபே பின்னுரையில் எழுதினார். ஓயா சோயிச்சி பெயரில் தரும் புனைவல்லாத எழுத்துக்கான விருது தேடிவந்தபோது இஷிமுரே அதை ஏற்கவில்லை.

மொழியியலாளர் குரோதா ஷிகெயுக்கி 1973இல் ஒரு கட்டுரையில், 'இத்தாய்' போன்ற சொற்களின் தன்மை விதி ஓரிடத்தில் தளர்கிறது என்று காட்டினார். கதையில். கதைசொல்லி செய்தியாளராக நிற்காத எழுத்தில் படர்க்கை மாந்தரும் தடையின்றித் துயரப்படலாம், விகுதி வேண்டாம், சாட்சி வேண்டாம். மொழி இவ்வளவு காவல் வைத்துவிட்டு ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டிருக்கிறது. இஷிமுரே அந்த வாசலால்தான் போனார். புனைவல்லாத எழுத்தென்று பிறர் வகைப்படுத்திய ஒரு நூலுக்குள் அதைச் செய்தார் என்பதுதான் உறுத்துகிறது. எனக்கும் முதலில் உறுத்தியது.

யோசித்துப் பார்த்தால், அவர் செய்ததும் நான் வைத்தியர் முன்னால் செய்ததும் இலக்கணப்படி ஒன்றுதான். இரண்டு பேரும் அடுத்தவரின் 'இத்தாய்' என்பதை எடுத்துச் சொன்னோம். ஆனால் அவர் அதே கரையில் வளர்ந்தவர், அந்த வீடுகளுக்கு வருடக்கணக்காகப் போய் இருந்தவர். நான் அரைநாள் விடுப்பில் இருந்தேன். பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. 'கிரிகிரி' என்று நான் சொன்னது அப்பாவின் நோவை அறிந்ததால் அல்ல, படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டியிருந்ததால். அவர் எழுதியதில் நோயாளி பெரிதாகிறார். நான் சொன்னதில் அப்பா இல்லாமலே போனார். இந்த வேறுபாட்டை எந்த விகுதியும் காட்டாது. இஷிமுரேயின் மீனவர்களில் ஒருவர் எழுந்து, நான் அப்படி நினைக்கவில்லை அம்மா என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று சிலவேளை யோசிப்பேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

யப்பானியர் பயன்படுத்தும் இன்னொரு சின்ன இடைச்சொல்லைச் சொல்லாமல் விடமுடியாது. பிள்ளைக்கு ஊசி போட்டு முடிந்ததும் தாதி குனிந்து, "இத்தகத்தா நே" என்பார். 'இத்தகத்தா' இறந்தகாலம்: நொந்தது. 'நே' என்பது வாக்கியத்தின் கடைசியில் வருவது, யாழ்ப்பாணத்தில் 'என்ன?' என்று முடிப்போமே, அதற்குப் பக்கத்தில் வரும். நொந்ததென்ன? பிள்ளையின் நோவைத் தானே அறிந்தவர் போலத்தான் சொல்கிறார், ஆனால் அந்த 'நே' அதைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறது. பிள்ளை தலையாட்டலாம். இல்லை, நோகேல்லை என்று வீரம் பேசலாம். நான் பார்த்த பிள்ளைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அழத் தொடங்கும்.

அப்பா இப்போது ஊரில் தனியாக இருக்கிறார். ஞாயிறு காலையில் எடுக்கிறேன். முன்பெல்லாம் "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டு, "ஓம்" என்பதை வாங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போவேன். இப்போது இரவு நித்திரை வந்ததோ, எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தது என்று கேட்கிறேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. "நீ என்ன பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய்" என்று போன கிழமை ஏசினார். முழங்கால் எப்படி என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை" என்றார்.

பிறகு அக்காவுக்கு எடுத்தேன். அவள் ஒஸ்லோவில் இருக்கிறாள். அப்பாவின் முழங்கால் எப்படி என்று அவளும் கேட்டாள்.

"ஒண்டுமில்லையாம்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி, நான் எடுத்துக் கேக்கிறன்" என்றாள்.